பற்சொத்தையும் உமிழ்நீரும்: பள்ளிப் பருவத்தினரின் பல் பாதுகாப்பு

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றியது. அதனை நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்ற அவர், பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென அமைந்த ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு நாடு திரும்பினார். கல்லூரிக்கு வேண்டிய பணத்தை ஈட்ட அவர் மேற்கொண்ட வழி விந்தையானது. 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் குளிர்பானக் கடையை அந்நகரில் நடத்தி, அதன் வருவாயைக் கொண்டே பல் மருத்துவக் கல்வியை வளர்த்தார். 1949இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்கி வருகிறது.

இனிப்புப் பானத்தின் வருவாயில் பல் மருத்துவம் வளர்ந்த அந்நகரில், இனிப்புக்கும் பல்லுக்கும் இடையே நடைபெறும் போராட்டத்தை ஆராய்வது பொருத்தமுடையது. இப்போராட்டத்தில் குழந்தையின் பக்கம் நின்று காப்பது உமிழ்நீர். அதன் வேதியியலை அறிந்துகொண்டால், பற்சொத்தையைத் தடுக்கும் வழி பெரிதும் தெளிவாகும்.

நோயின் பரப்பு

இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2002-03ஆம் ஆண்டுகளில் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 விழுக்காட்டினருக்கும், பன்னிரண்டு வயதினரில் 53.8 விழுக்காட்டினருக்கும், பதினைந்து வயதினரில் 63.1 விழுக்காட்டினருக்கும் பற்சொத்தை இருந்ததாக அவ்வாய்வு தெரிவித்தது. இரு குழந்தைகளில் ஒருவரை இந்நோய் தொட்டுவிடுகிறது என்பதும், இளமைப் பருவத்தில் அது மேலும் கூடுகிறது என்பதும் இதனால் விளங்கும்.

பல் வலியால் உயிர் போவதில்லை என்று பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வலியுள்ள குழந்தை சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, பாடத்தில் மனம் செலுத்துவதுமில்லை. ஆறு வயதில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப்பல் வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டியது. அதனைப் பால்பல் என்று பெற்றோர் தவறாக எண்ணிக் கவனியாது விடுவதால், பத்து வயதிலேயே அதைப் பிடுங்க நேருகிறது. பிடுங்கிய இடத்தில் வேறு பல் முளைப்பதில்லை.

அமிலம் பிறக்கும் விதம்

வாயில் வாழும் நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலமே பல்லைக் கரைக்கிறது என்னும் உண்மையைப் பெர்லினில் பணியாற்றிய டபிள்யூ. டி. மில்லர் 1890இல் விளக்கினார். 1924இல் இலண்டனில் கிளார்க் என்பார் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்னும் நுண்ணுயிரைச் சொத்தைப் பற்களில் கண்டறிந்தார். பல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய படலத்தில் இத்தகைய நுண்ணுயிர்கள் குடியிருந்து, கிடைக்கும் சர்க்கரையை உடனே அமிலமாக்குகின்றன.

ஒரு நீர்மத்தின் அமிலத் தன்மையைப் பி.எச். அளவால் குறிப்பர். ஏழு என்பது நடுநிலை; அதற்குக் கீழே செல்லச் செல்ல அமிலம் மிகும். நலமுள்ளவரின் உமிழ்நீர் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியே இருக்கும். பல்லின் மேற்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆனது. பற்படலத்தின் பி.எச். ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது இப்படிகங்கள் கரையத் தொடங்குகின்றன.

உமிழ்நீரின் நான்கு பணிகள்

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர் பல்லுக்கு நான்கு வகையில் துணை புரிகிறது. முதலாவதாக, உணவுத் துணுக்கையும் சர்க்கரையையும் கழுவி விழுங்கச் செய்கிறது. இரண்டாவதாக, அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கிறது. வேதியியல் மாணவர் 'தாங்கல் கரைசல்' என்று பயில்வது இதனையே. மெல்லும்போது உமிழ்நீர் மிகுதியாகச் சுரப்பதோடு, அதிலுள்ள பைகார்பனேட்டின் அடர்வும் பன்மடங்கு உயருகிறது. மூன்றாவதாக, அதிலுள்ள லைசோசைம் போன்ற புரதங்களும் எதிர்ப்புப் பொருள்களும் நுண்ணுயிர்களை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன.

நான்காவது பணியே மிகவும் சிறப்புடையது. உமிழ்நீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்துள்ளன. அமிலம் முறிந்த பின், அவை எனாமலில் இழப்பு ஏற்பட்ட இடங்களில் மீண்டும் படிகின்றன. பல்லில் வெண்புள்ளியாகத் தோன்றும் தொடக்கநிலைச் சொத்தை இவ்வாறு ஆறவும் கூடும். குழி விழுந்த பிறகு அது தானாக ஆறாது.

காலமே தீர்மானிக்கிறது

பழுதுபார்க்க உமிழ்நீருக்கு நேரம் வேண்டும். 1940களில் ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தை அளந்து பார்த்தார். சில நிமிடங்களில் பி.எச். சரிந்தது, பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆயிற்று. ஒவ்வொரு முறை இனிப்பு உண்ணும்போதும் இச்சரிவு ஏற்படுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். ஒரு சரிவுக்கு நாற்பது நிமிடம் என்று கொள்வோம். நாள்தோறும் மூன்று வேளை மட்டும் உண்ணும் சிறுவனின் பல் இரண்டு மணி நேரம் அமிலத்தில் இருக்கும். எட்டு முறை மிட்டாயும் பிஸ்கட்டும் தின்னும் சிறுவனின் பல்லோ ஐந்து மணிக்கும் மேலாக அமிலத்தில் இருக்கும். இருவரும் உண்ட சர்க்கரையின் எடை ஒன்றாகவே இருப்பினும், பின்னவனின் உமிழ்நீருக்குப் பழுதுபார்க்க நேரம் குறைகிறது.

கொல்கத்தாவின் உணவு வழக்கத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். உணவின் முடிவில் உண்ணும் ரசகுல்லா விரைவில் விழுங்கப்படுகிறது. உணவினால் ஏற்கெனவே ஏற்பட்ட சரிவோடு அதனால் ஏற்படும் சரிவும் சேர்ந்து முடிந்துவிடுகிறது. பொரியையும் வெல்லத்தையும் சேர்த்துப் பிடிக்கும் 'மோவா', நம் நாட்டுப் பொரி உருண்டையைப் போன்று, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒட்டி நெடுநேரம் நிற்கிறது. பள்ளி வாயிலில் வாங்கிச் சுவைத்துக்கொண்டே இருக்கும் மிட்டாயும், சிறிது சிறிதாகப் பருகும் குளிர்பானமும் அதனினும் தீங்கானவை. கோலா பானங்கள் தாமே கடும் அமிலத் தன்மை உடையவை. சர்க்கரை நீக்கப்பட்டிருப்பினும் எனாமலை அரிக்க வல்லவை. ஆகவே பண்டிகை இனிப்பை வெறுக்க வேண்டுவதில்லை. அதனை உணவோடு சேர்த்து உண்ணும் பழக்கமே வேண்டுவது.

கவனிக்க வேண்டிய பருவங்கள்

புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழு முதிர்ச்சி பெற்றதன்று. முளைத்த பின் ஓரிரு ஆண்டுகள் உமிழ்நீரிலிருந்து தாதுக்களைப் பெற்றே அது உறுதியடைகிறது. எனவே முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும் ஆறு வயதும், இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும் பன்னிரண்டு வயதும் ஆபத்து மிகுந்தவை. இவற்றில் பின்னது, பிள்ளைகள் கைச்செலவுப் பணத்தைக் கொண்டு தாமே தின்பண்டம் வாங்கத் தொடங்கும் பருவமுமாகும்.

நாளில் ஆபத்தான பொழுது இரவு. உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சர்க்கரை கலந்த பால்புட்டியுடன் குழந்தையை உறங்க வைப்பதும், இனிப்பு மருந்தைக் கொடுத்து வாயைத் துடைக்காமல் விடுவதும் முன்பற்களை விரைவில் அழிக்கும். காலையில் மட்டும் பல் துலக்குவோர் இரவிலும் துலக்குதல் இன்றியமையாதது.

புளோரைடின் இரு முகங்கள்

உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு கலந்திருந்தால், மீண்டும் படியும் எனாமல் முன்னிலும் உறுதியாகி, ஏறத்தாழ 4.5 பி.எச். வரை தாங்குகிறது. புளோரைடு கலந்த பற்பசையின் பயன் இதுவே. மூன்று வயதுக்குட்பட்டோர்க்கு அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவும் போதும். துலக்கியபின் பசையைத் துப்பிவிட்டு, நீரால் பலமுறை கொப்பளிக்காதிருத்தல் நன்று.

ஆயினும் இதனை எங்கும் ஒரே விதியாகக் கொள்ளுதல் ஆகாது. மேற்கு வங்கத்தின் பீர்பூம், பாங்குரா, புருலியா மாவட்டங்களின் சில பகுதிகளிலும், தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து, பற்களில் கறையையும் எலும்பில் கேட்டையும் விளைக்கிறது. அங்கே வேண்டுவது புளோரைடு நீக்கிய குடிநீர். ஆற்று நீரைப் பருகும் நகரங்களில் பொதுவாக அது குறைவாகவே இருக்கும். அங்குப் பற்பசையே துணை.

செய்யத்தக்கன

2013இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டம் பிறப்பு முதல் பதினெட்டு வயது வரை உள்ளோரை ஆராய்கிறது. பல் நோயும் அதன் பட்டியலில் உண்டு. 2014இல் தேசிய வாய்நலத் திட்டமும் தொடங்கியது. இவற்றின்கீழ்ப் பள்ளிக்கு வரும் குழுவினர், குழி விழுந்த பற்களை எண்ணுவதோடு நில்லாது, ஒன்றாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் வெண்புள்ளிகளைத் தேடிக் குறித்தல் வேண்டும். ஆறும் நிலையில் கண்ட நோய்க்குச் செலவு மிகக் குறைவு.

உமிழ்நீரின் அளவையும் தாங்கும் ஆற்றலையும் சோதிக்கும் எளிய முறைகள் உள்ளன. ஆயினும் அச்சோதனை ஒன்றைக் கொண்டே சொத்தை வருமென முன்னறிதல் அரிது. முன்னரே சொத்தை கண்ட பிள்ளைக்கே மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அத்தகையோரையே முதலில் தொடர்ந்து கவனித்தல் சிக்கனமான வழி.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் புளோரைடு பற்பசை, வெள்ளி டையமின் புளோரைடு, கண்ணாடி அயனோமர் ஆகியவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பின்னிரண்டும் துளையிடும் கருவியின்றியே, சிற்றூர்ப் பள்ளியிலும் சொத்தையைத் தடுத்து நிறுத்தவோ அடைக்கவோ பயன்படத்தக்கவை.

இவற்றுக்கு மேலாக, பள்ளி வளாகத்தில் இனிப்புப் பானமும் ஒட்டும் மிட்டாயும் விற்பதைத் தவிர்த்தலும், பகலுணவுக்குப் பின் நீரால் வாய் கொப்பளிக்கச் செய்தலும், இரவில் பல் துலக்கும் பழக்கத்தைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தலும் ஆசிரியராலும் அங்கன்வாடிப் பணியாளராலும் இயல்வனவே. பல்லைப் பழுதுபார்க்கும் பொருள்கள் ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் விலையின்றிச் சுரக்கின்றன. அவை பணி செய்வதற்கு வேண்டிய இடைவேளையை அளிப்பது பெரியோரின் பொறுப்பு.