பட்டாளத்தாருக்கு மனச்சோர்வு வராதா?

பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மக்காச்சோளம் காயும் களத்தோரம், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். "பட்டாளத்துலேர்ந்து வந்த புதுசுல காலையில நாலரைக்கெல்லாம் எழுந்து ஓடுவாருங்க. இப்ப பத்து மணியானாலும் பாயை விட்டு எழுந்திரிக்க மாட்டேங்குறாரு. கேட்டா உடம்பு அசதிங்குறாரு" என்றார். திண்ணைக்குக் கீழே அவருடைய கறுப்பு பூட்ஸ் கிடந்தது. முகம் தெரியும்படி பாலிஷ் போட்டுப் பழகியவரின் பூட்ஸ். அதன்மேல் மாதக்கணக்கான தூசி. "மிலிட்டரிக்காரருக்கு மனசு சரியில்லைன்னு சொன்னா ஊரே சிரிக்கும் சார்" என்று குரலைத் தாழ்த்தினார். பெயரும் ஊரும் போடாமல் எழுத அவரிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: பட்டாளத்தான் மனசு இரும்பு. மனச்சோர்வு கோழைக்கு வருவது.

ராணுவமே இப்படி நினைப்பதில்லை. ஜவானின் மருத்துவத் தகுதியை 'ஷேப்' (SHAPE) என்ற ஐந்து ஆங்கில எழுத்துக் கணக்கில் போடுகிறார்கள். அதன் முதல் எழுத்தே மனநிலைக்கானது. காதும் கண்ணும் கைகாலும் அதற்குப் பிறகுதான். முதல் உலகப் போரில் துணிந்து நின்ற சிப்பாய்கள் கை நடுங்கி, பேச்சு இழந்து திரும்பியபோது, சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் 'ஷெல் ஷாக்' என்ற பெயரில் அதைப் பற்றி எழுதினார். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம் இது.

நம் ஊர்ப் பட்டாளத்தாருக்குப் போர்க்களத்தைவிட ஓய்வு பெற்ற பிறகு வரும் வருஷங்கள்தான் பல நேரம் கடினம். நாற்பதை ஒட்டிய வயதில் வீட்டுக்கு வந்துவிடுகிறார். எழுப்ப விசில் இல்லை, கூட நிற்க ஆள் இல்லை. ஏ.டி.எம். காவலோ, சிமென்ட் ஆலை கேட்டில் செக்யூரிட்டி வேலையோதான் கிடைக்கிறது. பிள்ளைகள் அவரை லீவில் வந்துபோகும் விருந்தாளியாகவே பார்த்து வளர்ந்தவர்கள். கேன்டீன் ரம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது. குடிக்கிறார் என்று ஊர் பேசுகிறது. குடிக்கு அடியில் இருக்கும் நோயை யாரும் கேட்பதில்லை.

நம்பிக்கை: அதெல்லாம் ரத்தத்தில் இருக்கிறது. எங்க ஆளுங்களுக்கு இது வராது.

சாதியைச் சொல்லாமல் சொல்லும் பேச்சு இது. இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய முதலாளி உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளையர் அரசு இந்தியர்களைப் 'போர்க்குணம் உள்ள இனம்', 'இல்லாத இனம்' என்று பிரித்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்க்குப் போர்க்குணம் போதாது என்று முடிவுகட்டினார். பின்னர் இந்தியப் படைக்கே தலைவரானபோது வடமேற்குப் பக்கம் ஆள் எடுப்பதையே விரும்பினார். 1758-இல் வேர்விட்ட சென்னைக் காலாட்படை சுருங்கிப்போனது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் அதே தமிழர்களை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் மாறவில்லை, தேவை மாறியது.

அப்படியென்றால் சமூகத்துக்குச் சமூகம் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது; சிகிச்சையை நம்புவதில் இருக்கிறது. அமெரிக்காவில் லிசா கூப்பர் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடச் சம்மதிப்பது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் குறைவாக இருந்தது. மாத்திரை பழக்கமாகிவிடும் என்ற அச்சம் அவர்களிடம் கூடுதல். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருஷம், மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அந்த நாட்டு அரசு மருத்துவத் துறையே வேடிக்கை பார்த்தது. சூடு கண்ட பூனையின் பயம் அது.

நம் பக்கத்துக்கு வருவோம். யூனிட்டில் எல்லாரோடும் ஒரே லங்கரில் சாப்பிட்ட தலித் ஜவான், ஊர் திரும்பியதும் பழைய தெருவுக்கே திரும்புகிறார். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "ஏய், இங்க வா" என்று ஒருமையில் கூப்பிடப்பட்டவர், உள்ளே போய் மனதைத் திறப்பாரா? ஊர்த் தெருவில் நிலமும் பேரும் உள்ள சுபேதாருக்கு வேறு பயம்: பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் மனநல டாக்டர் சீட்டு வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? காரணங்கள் வேறு, இருவரும் போய்ச் சேருவது ஒரே மெடிக்கல் கடைக்கு, தூக்க மாத்திரை கேட்டு. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். எல்லாத் தெருக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

நம்பிக்கை: அந்த மாத்திரை போட்டால் விடவே முடியாது.

தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டது இது. சீட்டில்லாமல் கடையில் கேட்டு வாங்கும் அல்பிரஸோலம் போன்ற தூக்க மாத்திரைதான் பழக்கமாகும். மனச்சோர்வுக்கு டாக்டர் தரும் எஸ்சிடாலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை போதை தருவதில்லை. அவை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடுபவர்களும் உண்டு. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். அது போதையின் ஏக்கம் அல்ல.

நம்பிக்கை: சாமிக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரியும்?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடைதிறக்கும் திங்களிலும் வெள்ளியிலும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலிலும் மனக்கஷ்டத்தோடு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறுதலைப் பழிக்க எனக்கு மனம் வராது. மனநோயாளிகள் 48 நாள் தங்கி வழிபடும் குணசீலத்தில், கோயிலோடு சேர்ந்தே மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகு நாம் படித்த பாடம் அது. திருநீறும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

நம்பிக்கை: விஷயம் தெரிந்தால் பென்ஷன் போய்விடும்.

போகாது. பென்ஷன் பார்த்த சர்வீசுக்குக் கிடைப்பது. மறுபடி டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புக் காவல் படையில் சேர நினைப்பவருக்கு மருத்துவத் தகுதி பார்ப்பார்கள் என்பது உண்மைதான்; மற்றவர்கள் அஞ்சக் காரணமே இல்லை. முன்னாள் ராணுவத்தினருக்காக 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்ட அட்டையில் மனநல சிகிச்சையும் அடக்கம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்.பில் இருந்து வந்தவர்களுக்கு அந்த அட்டை கிடையாது. புல்வாமா தாக்குதலில் இறந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் ஒருவரை அரியலூர் மாவட்டம் கொடுத்திருக்கிறது. அந்தப் படைக்காரர்களை இப்படி வெளியே நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் மாவட்ட மனநலத் திட்டம் எல்லாருக்கும் பொது. சிகிச்சையும் மாத்திரையும் இலவசம்.

வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், "உடம்புக்கு என்ன?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "சாகணும்னு தோணுதாங்க?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பல நேரம் கேட்டதுமே பாரம் இறங்கும். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். காசு கிடையாது. அவர் கூப்பிடத் தயங்கினால் நீங்கள் கூப்பிடுங்கள்.