ஆங்கிலத்தில் இயற்றப்பெற்ற மாவோரிக் கவிதைகளில் விளி மரபு

ஆய்வுச் சுருக்கம்

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரிகள் ஆங்கிலத்தில் இயற்றிய கவிதைகளில் மரமும் மழையும் முன்னிலையில் விளிக்கப்படுகின்றன. இவ்விளி வெறும் அணியன்று. மாவோரி வாய்மொழி மரபின் உறவு விளியே ஆங்கிலத்தில் தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மாவோரி, வாய்மொழி மரபு, விளி, கொடிவழி, மொழியிழப்பு

முன்னுரை

ஒரு மக்களின் மொழியை ஒடுக்கிய மொழியிலேயே அம்மக்கள் கவிதை இயற்றும்போது அக்கவிதை எம்மரபைச் சார்ந்தது என்னும் வினா எழுகிறது. ஆங்கிலத்தில் அமைந்த மாவோரிக் கவிதைகளுக்கெனவே 'புனா வாய் கோரெரோ' என்னும் பெருந்தொகை நூல் 2014இல் வெளிவந்தது. ஆயினும், எழுதியவரின் குடிப்பிறப்பு மட்டுமே ஒரு கவிதையை மாவோரிக் கவிதை ஆக்கிவிடாது. கவிதையின் அமைப்பிலேயே அதற்குரிய சான்றைத் தேடவேண்டும்.

1. வரலாற்றுப் பின்புலம்

மாவோரிகளின் பழங்கவிதை பாடப்பெற்றதேயன்றி எழுதப்பெற்றதன்று. இரங்கற்பாட்டு, காதற்பாட்டு, தாலாட்டு என அது பல வகைப்படும். அபிரானா நாட்டா தொகுத்த 'நா மோதேயாதேயா' வரிசையின் முதற்பகுதி 1928இல் நூலாயிற்று. மறுபுறம், 1867இல் இயற்றப்பட்ட சுதேசப் பள்ளிகள் சட்டம் மாவோரிச் சிறார்க்கு ஆங்கிலவழிக் கல்வியை முன்னிறுத்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மாவோரிகள் பெருந்தொகையாக நகரங்களுக்குக் குடிபெயர்ந்தமை மொழியிழப்பை விரைவுபடுத்தியது. மாவோரி மொழி 1987இல்தான் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. இவ்விடைப்பட்ட காலத்திலேயே ஆங்கிலக் கவிதை மரபு உருவாயிற்று.

2. மரத்திற்கு விடைகொடுத்தல்

ஹோனே துஃபாரே (1922–2008) ரயில்வே பணிமனையில் கொதிகலன் தொழில் பயின்றவர். போருக்குப் பின் ஜப்பானில் நிலைகொண்ட நியூசிலாந்துப் படையில் பணியாற்றியவர். 1964இல் வெளிவந்த அவருடைய 'நோ ஆர்டினரி சன்' மாவோரிக் கவிஞர் ஒருவரின் முதல் ஆங்கிலக் கவிதை நூலாகக் கருதப்படுகிறது. அதன் தலைப்புக் கவிதை அணுகுண்டு வெடிப்பைப் பாடுகிறது. குண்டை வீசியவர்களையோ உலகத் தலைவர்களையோ அது விளிக்கவில்லை. ஒரு மரத்தை நோக்கியே பேசுகிறது.

தமிழ் ஆய்வாளர் இதனைக் கேளாப் பொருளைக் கேட்பதுபோலக் கொண்டு கூறும் மரபில் அடக்க முற்படலாம். அவ்விளக்கத்திலுள்ள 'போல' என்னும் சொல்லே இங்குப் பொருந்தாதது. மாவோரித் தொன்மத்தில் வானத்தந்தை ரங்கிக்கும் நிலத்தாய் பாப்பாவிற்கும் பிறந்த தானே மஹூத்தா காடுகளின் தலைவன். மரங்களும் மாந்தரும் அவன்வழி வந்தோரே. எனவே, மரம் உவமையால் உறவாவதன்று, கொடிவழியால் உறவாவது. இறந்தாரை முன்னிலையில் விளித்து விடைகொடுக்கும் 'போரோபோரோஆக்கி' என்னும் பேச்சு வகை மாவோரி ஈமச் சடங்கில் இன்றியமையாதது. அழிவை எதிர்நோக்கும் மரத்தை நோக்கிய துஃபாரேயின் பேச்சும் அவ்வகையினதே. அதனால் அக்கவிதை போர் எதிர்ப்புக் கவிதை என்ற அளவில் நின்றுவிடாமல், உறவினர் ஒருவருக்கான இரங்கற்பாவாகவும் ஆகிறது. அவருடைய மழைக் கவிதையிலும் மழை முன்னிலையிலேயே நிற்கிறது. அங்கே மழையைக் கவிஞர் வருணிப்பதைவிட, கவிஞரை மழை வரையறுப்பதே மேலோங்குகிறது.

3. கலமும் கொடிவழியும்

மாவோரிக் குடிகள் தம் வழிமுறையை முன்னோர் வந்த 'வாக்கா' எனப்படும் கடற்கலத்தோடு இணைத்துக் கூறும். ராபர்ட் சல்லிவனின் 'ஸ்டார் வாக்கா' (1999) இம்மரபையே நூலமைப்பாக்குகிறது. அது 100 கவிதைகளும் 2001 அடிகளும் கொண்டது. ஒவ்வொரு கவிதையிலும் விண்மீன், கலம், கடல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இடம்பெற வேண்டும் என்பது கவிஞர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. முன்னோரின் கலம் முதல் வருங்கால விண்கலம் வரை அனைத்தும் ஒரே கொடிவழியில் நிறுத்தப்படுகின்றன.

4. விளி முறியும் இடம்

மேற்கூறிய தொடர்ச்சி இழப்பின்றி நிகழ்ந்தது எனக் கொள்ளலாகாது. அபிரானா டெய்லரின் 'ஐஸ் ஆஃப் தி ரூரூ' (1979) காலத்துக் கவிதைகளில், குடிமன்றாகிய 'மராயே'யில் எழுந்து நிற்கும் ஒருவன் தான் அறிந்த ஒரே மாவோரித் தொடரை மட்டுமே கூற இயலுகிறது. விளிக்க வேண்டிய முன்னோர் எதிரே இருக்கின்றனர். விளிக்கும் மொழிதான் அவனிடம் இல்லை. துஃபாரேயிடம் இயல்பாக அமைந்த விளி இங்குக் கவிதையின் சிக்கலாகவே மாறுகிறது. எனினும், அச்சிக்கலை உணர்த்துவதும் அம்மரபே. முன்னோரை விளிக்கும் கடமை இல்லையெனில் விளிக்க இயலாமை துயராகாது.

முடிவுரை

ஆங்கிலத்தில் அமைந்த மாவோரிக் கவிதையில் சொல் ஆங்கிலத்தது. பேசுவோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான உறவு மாவோரியது. இம்முடிவு மொழிபெயர்ப்பாளர்க்கும் பயன்படுவது. இக்கவிதைகளைத் தமிழாக்குவோர் முன்னிலையைப் படர்க்கையாக்கின் உறவு அறுபடும். 'ஃபெனுவா' என்னும் ஒரே சொல் நிலத்தையும் நச்சுக்கொடியையும் குறிக்கும். அதனை 'நிலம்' எனப் பெயர்த்தால் தாய்க்கும் மண்ணுக்கும் உள்ள பிணைப்பு மறையும். ஆதலின், இத்தகைய சொற்களை அவ்வாறே நிறுத்திப் பொருளைச் சூழலால் உணர்த்துவதே தக்கது.