புத்தளக் கரையோரக் கதைமாந்தருக்குப் பெயரிடும் முறை

கதைமாந்தருக்குப் பெயர் தேடுவதற்கு முன் அவர் பிறந்த ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர் வைப்பவர்கள் பெற்றோரும் பாட்டன் பாட்டியும்தான்; பிள்ளை வளர்ந்து எப்படிப்பட்டவராவார் என்பது அவர்களுக்குத் தெரியாது. துணிச்சல்காரனுக்கு வீரன் என்றும் அமைதியானவளுக்குச் சாந்தி என்றும் பெயரிட்டால் எழுதியவரின் கை வெளியே தெரிந்துவிடும். வைத்தவர்களின் வேண்டுதல், நன்றி, இழப்பு ஆகியவற்றிலிருந்து வரும் பொருளே பெயருக்குக் கனம் தரும்.

அடுத்து, குடும்பம் எந்த வாசலில் கும்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை ஊருக்கு ஊர் பெயர்கள் மாறும். முன்னேஸ்வரத்தை அண்டிய சைவக் குடும்பம் அங்குள்ள அம்மனை நினைத்து மகளுக்கு வடிவாம்பிகை என்று வைக்கலாம். வீட்டில் அவள் வடிவு. ஆடி மாதத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்கும் உடப்பில் அர்ச்சுனன், தருமராசா, பாஞ்சாலி போன்ற பாரதப் பெயர்கள் கதைக்கு உறுத்தாது. தலவில புனித அன்னம்மாள் கோயிலில் நேர்த்தி வைத்துப் பெற்ற பெண்பிள்ளைக்கு அன்னம்மா பொருந்தும். கத்தோலிக்கப் பாத்திரமாக இருந்தால் புனிதர்களின் திருநாள் அட்டவணையைப் பிறந்த தேதியோடு ஒப்பிடுவது நல்லது. சவரிமுத்து டிசம்பர் தொடக்கத்திலும் சூசைப்பிள்ளை மார்ச் நடுவிலும் பிறந்திருக்க இடமுண்டு.

மூன்றாவது படி தலைமுறை. அதிகக் கவனம் வேண்டியதும் இதற்குத்தான். சிலாபத்துக்குத் தெற்கே கரைவலை இழுக்கும் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 1930இல் பிறந்த பாட்டன் வஸ்தியான் பெர்னாண்டோ. 1958இல் பிறந்த மகள் மேரி பிலோமினா. சிங்கள மொழியில் படித்த பேரன், 1985இல் பிறந்தவன், ரொஷான். பாட்டன் தமிழில் செபம் சொல்ல, பேரன் சிங்களத்தில் பதில் சொல்கிறான். அந்தக் கரையில் பல குடும்பங்களில் நடந்த மொழிமாற்றத்தை மூன்று பெயர்களே சொல்லிவிடும். விளக்கப் பத்தி தேவையில்லை.

முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வேறுபாடு உண்டு. பாட்டன் மீராலெப்பை, பேரன் முகம்மது ரிஸ்வான், பேத்தி பாத்திமா ரிஸ்னா. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தார்கள். மறு ஆண்டு முகாமில் பிறக்கும் பிள்ளைக்கு, வழியில் இறந்த மூத்தவாப்பாவின் பெயரை வைப்பதாக எழுதினால், பிள்ளையைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் விட்டுவந்த வீடு கதைக்குள் வரும். புதுப் பாணிப் பெயர் வைத்தாலோ அந்தக் குடும்பம் முன்னே பார்க்க முடிவெடுத்ததாக ஆகும். இரண்டும் சரியே, எது என்பதைக் கதை தீர்மானிக்க வேண்டும்.

குடும்பப் பெயரையும் தலைப்பெழுத்தையும் அலங்காரமாகச் சேர்க்கக் கூடாது. தமிழ்ப் புலவர் வரலாறுகளை 1859இல் ‘தமிழ் புளூட்டார்க்’ என்ற ஆங்கில நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். முன்பாதியில் கிறிஸ்தவப் பெயரும் பின்பாதியில் செட்டி மரபும் சேர்ந்த அந்த ஒரு பெயரில் ஒரு சமூகத்தின் வரலாறே இருக்கிறது.

பிறகு கூப்பிடும் பெயர். பள்ளி இடாப்பில் உள்ள முழுப்பெயரை மீன்வாடியில் யாரும் சொல்வதில்லை. வலைக்குச் சொந்தக்காரரை ஆட்கள் சம்மாட்டியார் என்பார்கள்; மனைவி பிள்ளையின் பெயரைச் சேர்த்து ‘ரிஸ்வான்ட வாப்பா’ என்பாள்; தம்பிக்கு அவர் நானா. யார் எப்படிக் கூப்பிடுவார் என்று ஒரு தாளில் எழுதிவைத்து, கதைசொல்லி பயன்படுத்தும் பெயரை மட்டும் கடைசிவரை மாற்றாமல் வைக்க வேண்டும்.

எல்லாப் பெயர்களும் தேறியபின் உரையாடலை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ரிஸ்வான், ரிஸ்னா, ரிம்ஸான் என ஒரே எழுத்தில் தொடங்கும் உடன்பிறப்புகள் நிஜத்தில் ஏராளம். ஆனால் வாசகர் தடுமாறுவார். ஒருவருக்குச் செல்லப்பெயர் கொடுத்தால் உண்மையும் கெடாது.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு. கரையோர ஊர்கள் சிறியவை. பெயர், தொழில், ஊர் மூன்றும் உயிரோடிருக்கும் ஒருவருக்கு ஒத்துப்போனால் அவற்றில் ஒன்றையாவது மாற்றிவிட வேண்டும்.