டீசல் போகும் வழி

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. அம்மா போனில் எல்லாம் சொன்னாள். ஃபில்டர் மாற்றியதும் டிராக்டர் ஒரு நிமிஷம் ஓடி அணைந்துவிட்டது, பேட்டரி இறங்கும்வரை நீ செல்ஃப் அடித்தாய், பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து கொஞ்ச நேரத்தில் ஓட்டிக் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார், என்ன செய்தார் என்று மட்டும் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூடப் பேசினாயாம். அந்தப் பேச்சே வேண்டாம். எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை. ஏர் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அவர் ஏர் எடுத்துக் கொடுத்தார். அதை நீயே செய்யலாம். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது சேறடிக்க வண்டி கிளம்பவில்லை என்றால், அன்றைக்கு மெக்கானிக் ஊருக்கே வேண்டியவராக இருப்பார். உன் முறை வருவதற்குள் தண்ணீர் முறை போய்விடும்.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்பட்டுக் கொதிக்கிறது. அதில் டீசலைப் புகைபோலப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்கிறது. பீய்ச்சுவது நாசில். அதன் ஊசியை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. கிட்டத்தட்ட 200 பார் அழுத்தம் வந்தால்தான் அந்த ஊசி தூக்கும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான், யோசித்துப் பார். இவ்வளவு அழுத்தத்தையும், நாசிலுக்கு டீசல் அனுப்பும் பம்புக்குள் இருக்கும் விரல் பருமன்கூட இல்லாத பிளஞ்சர், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொட்டு டீசலைத் தள்ளி உண்டாக்குகிறது. டீசல் சுருங்காது, அதனால் தள்ளியது அப்படியே நாசில்வரை போய்ச் சேரும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்துவிட்டால், பிளஞ்சர் தள்ளும்போது குமிழி சுருங்கும், பிளஞ்சர் இறங்கும்போது குமிழி விரியும். ஊசி தூக்கவே தூக்காது. டேங்க் நிறைய டீசல் இருந்தும் எஞ்சின் பட்டினி.

ஃபில்டர் மாற்றியவுடன் ஒரு நிமிஷம் ஓடியதே, அது பம்பிலும் பைப்பிலும் மிச்சமிருந்த டீசலில். புது ஃபில்டரின் கிண்ணம் முழுக்கக் காற்று. மிச்சம் தீர்ந்ததும் அந்தக் காற்று பம்புக்குள் வந்துவிட்டது.

அந்த பம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டியபோது இப்படிப்பட்ட பம்ப் கிடையாது. தனியாக ஒரு கம்ப்ரஸர் வைத்து, காற்றால் எரிபொருளை உள்ளே ஊதினார்கள். அதனால் அந்த எஞ்சின்கள் ஆலைக்கும் கப்பலுக்கும்தான் ஆயின. 1927இல் ராபர்ட் பாஷின் கம்பெனி இந்த பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகுதான் டீசல் எஞ்சின் லாரிக்கும் டிராக்டருக்கும் பரவலாக வந்தது. நம் நாட்டில் 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி அந்த பம்பைச் செய்தது. 2008இல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறியும் மெக்கானிக்குகள் வாயில் அது இன்னும் மைக்கோ பம்ப்தான். பிளஞ்சருக்கும் அது ஏறி இறங்கும் பேரலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். அங்கே ஆயில் எதுவும் போவதில்லை. போகிற டீசலே அதற்கு ஆயில். டீசல் இல்லாமல் வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள், நீ இணங்காதே. பிளஞ்சர் உலர்ந்து உரசும். ஏர் கிளீனரில் பெட்ரோல் துணியைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு இன்னும் கண்டிப்பாக மறுத்துவிடு. பிஸ்டன் உடையும், கையும் முகமும் வேகும்.

இனி வேலை. டீசல் எந்த வழியாகப் போகிறதோ அதே வழியில் உன் ஸ்பேனரும் போக வேண்டும். டேங்க், ஃபீட் பம்ப், முதல் ஃபில்டர், இரண்டாம் ஃபில்டர், பம்ப், நாசில். நடுவிலிருந்து ஆரம்பித்தால் பின்னாலிருக்கும் காற்று மறுபடியும் முன்னால் வந்து நிற்கும்.

டேங்கை நிரப்பி, அடியில் இருக்கும் டேப் திறந்திருக்கிறதா பார். ஃபீட் பம்ப் மைக்கோ பம்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் தலையில் இருக்கும் கறுப்புக் குமிழைத் திருகி விடுவித்தால் மேலும் கீழும் அடிக்கலாம். முதல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு அடி. முதலில் வெறும் காற்று சீறும், பிறகு நுரை வரும், பிறகு நுரையும் டீசலும் மாறி மாறி வரும். இந்த இடத்தில்தான் எல்லோரும் அவசரப்பட்டு ஸ்குரூவை மூடுகிறார்கள். மூடாதே. குமிழி ஒன்றுகூட இல்லாமல், கண்ணாடிக் கம்பிபோல டீசல் வழியும்வரை அடி. அடித்துக்கொண்டே மூடு, அடிப்பதை நிறுத்திவிட்டு மூடினால் கொஞ்சம் காற்று திரும்ப உள்ளே போகும். இரண்டாம் ஃபில்டருக்கும் இதே, பம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்குரூவுக்கும் இதே. முடிந்ததும் குமிழை அமுக்கித் திருகி மூட மறக்காதே. திறந்தபடி விட்டால் அது வழியாகவே காற்று இழுக்கும். சில டிராக்டர்களில் குமிழுக்குப் பதில் சின்ன லீவர் இருக்கும். அது அடித்தும் வேலை செய்யவில்லை என்றால் கெட்டுப்போனதாக நினைக்காதே, உள்ளே கேம் தூக்கிய நிலையில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் லீவருக்கு உயிர் வந்துவிடும்.

கடைசியாக நாசில். மூன்று நாசில் பைப்புகளின் நட்டையும் அரைச் சுற்று தளர்த்து. ஸ்டாப் நாப் உள்ளே தள்ளியிருக்கிறதா, கை ஆக்ஸிலேட்டர் திறந்திருக்கிறதா, இரண்டையும் பார். ஸ்டாப் நாப் இழுத்தபடியே இருந்து அரை நாள் வீணான வீடுகள் எத்தனையோ. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். செல்ஃபைப் பத்து, பதினைந்து வினாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதே, ஒரு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி அடி. நட்டோரம் டீசல் துடித்துத் துடித்து வந்தால் ஒவ்வொன்றாக இறுக்கு. இரண்டாவது நட்டை இறுக்கும்போதே எஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொள்ளும்.

இந்த வேளையில் பைப்புகளுக்கு முன்னால் கையை நீட்டாதே. நாசிலிலிருந்தோ வெடித்த பைப்பிலிருந்தோ பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே தசை அழுகி விரலையே எடுக்கும்படி ஆகலாம். பட்டுவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நீ வாங்க ஆசைப்படும் புது டிராக்டருக்கு இந்தக் கைவேலை ஆகாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புகை விதி கடுமையாகிவிட்டதால் பலவற்றில் காமன் ரெயில் என்ற வேறு வகை டீசல் அமைப்பு வந்துவிட்டது. அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பைப் நட்டைத் தொடவே கூடாது. ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அடிப்பதோ சாவியை ஆன் செய்து மின்பம்பை ஓடவிடுவதோ, கம்பெனிப் புத்தகம் சொல்கிறபடி மட்டும்.

ஏர் எடுத்த மறுநாளே மறுபடி பிடித்தால், காற்று எங்கேயோ நுழைகிறது. முதலில் ஃபில்டர் தலையின் பள்ளத்தைப் பார். பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது வளையத்தையும் வைத்திருப்பார்கள். பிறகு காப்பர் வாஷர்கள். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது, விலையும் சொற்பம். புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டினால் சீக்கிரம் ஆகும் என்று சிலர் செய்வார்கள். நடுத்துளையில் ஊற்றுகிற டீசல் வடிகட்டாமல் நேராக பம்புக்குப் போகிறது என்பதால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கை வலிக்கட்டும்.

கழற்றிய பழைய ஃபில்டரை எறிந்துவிடவில்லையே? அதன் காகிதத்தை வெட்டி வெயிலில் விரித்துப் பார். கறுப்பு மட்டும் என்றால் ஓடிய ஓட்டத்தின் அழுக்கு. செம்மண் நிறத்தில் பொடி இருந்தால் டேங்குக்குள் துரு. வழவழப்பாகச் சளிபோல இருந்தால் டீசலோடு தண்ணீர் கலந்து கிருமி வளர்ந்திருக்கிறது. டிரம்மில் வாங்கி வைக்கும் டீசலில் மழைக்காலத்தில் இது வரும். துருவோ சளியோ இருந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் இன்னொரு ஃபில்டர் மாட்டுவதில் பயனில்லை. எது இருந்தது என்று அம்மா போனிலிருந்து படம் எடுத்து அனுப்பு. டேங்க் கழுவ வேண்டியிருந்தால் சேறடிப்பு தொடங்குவதற்குள் நானே வருகிறேன், இரண்டு பேர் பிடித்தால்தான் அதை இறக்க முடியும்.

அன்புடன்,
மாமா