சரக்குப் பணமும் சட்டத்தின் துணையும்

சேலையை வியாபாரி கொண்டு சென்ற நாள்முதல் அதன் பணம் கைக்கு வந்து சேரும் நாள்வரை நெசவாளி வீட்டில் நடப்பதை அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடுத்த பாவுக்கு நூல் வாங்க நகை அடகுக்குப் போகிறது. அந்த அடகுக்கு வட்டி ஏறுகிறது. வியாபாரியிடம் நிற்கும் பணமோ வட்டியின்றி உறங்குகிறது. சட்டத்தை நாடுவது செல்வர் காரியம் என்றெண்ணி நாமும் வாளாவிருக்கிறோம். இவ்வெண்ணம் இன்று பொருந்தாது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி, குறு, சிறு தொழில் செய்வோரின் சரக்கை ஏற்றுக்கொண்டவர், எழுத்தில் தவணை குறித்திருந்தால் அத்தவணைக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஆயினும் அத்தவணை 45 நாட்களுக்கு மேற்படலாகாது. தவணை குறிக்காவிடில் 15 நாட்களே. தவறியவர் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுக் கொடுக்கக் கடமைப்பட்டவர். ஆறு மாதம் கழித்து, “கரை பிசகியிருக்கிறது” என்று சொல்வதற்கும் அதிக இடமில்லை. சரக்கைப் பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுத்திராவிடில் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கொள்ளும். அங்கத்தினர் நெய்ததை விற்கும் கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தில் ‘விற்பனையாளர்’ என்ற இலக்கணத்துள் அடங்கும். நம்மில் பலர் அறியாத செய்தி இது.

இத்தகைய வழக்குகளைக் கேட்க வசதியாக்கக் குழுமங்கள் உள்ளன. 2017இல் ‘சமாதான்’ என்னும் தளமும், 2025இல் இணையவழித் தகராறு தீர்வுத் தளமும் தொடங்கப்பட்டமையால் விண்ணப்பத்தை ஊரிலிருந்தே அனுப்பலாம். குழுமம் முதலில் இருவரையும் இணங்கவைக்க முயலும். இயலாவிடில் நடுவர் தீர்ப்புக்கு வழி செய்யும். 90 நாட்களில் முடிய வேண்டும் என்பது சட்டம். அதற்கு மேலும் இழுப்பதுண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வியாபாரி, தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகக் கட்ட வேண்டும். வெறுமனே காலங்கடத்த வழக்காடுவோருக்கு இது நல்ல கடிவாளம்.

‘உத்யம்’ பதிவைச் சரக்கு அனுப்புமுன்பே செய்துகொள்ளுங்கள், கட்டணமில்லை. ஒப்பந்தத்துக்குப் பின் பெற்ற பதிவு முன்தேதியிட்டுப் பயன் தராது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பர். ஆகவே பட்டியல், சரக்கைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து ஆகியவற்றைப் பேணுங்கள். வியாபாரி கைப்பேசியில் அனுப்பிய செய்தியையும் அழித்துவிடாதீர்கள்.

பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து மிளகாய், மல்லி, பருத்தி விளைவிப்போர், “எங்களுக்கு என்ன?” என்று கேட்கலாம். வேளாண்மை இச்சட்டத்தில் அடங்காது. அவர்களுக்கு ஏற்றது மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வழக்குத் தொடுக்குமுன்பே நீதிமன்றக் கட்டணமின்றி அங்கே முறையிடலாம். இரு தரப்பும் இணங்கினால் பிறக்கும் முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது, மேல்முறையீடும் இல்லை. பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞர் உதவி கோரலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கேட்கலாம்.

இணக்கம் ஏற்படாவிடில் நீதிமன்றமே வழி. அதற்கு, சரக்குக் கொடுத்த நாளிலிருந்தோ தவணை முடிந்த நாளிலிருந்தோ மூன்று ஆண்டுக் கெடு உண்டு. அதற்குள் வியாபாரி சிறு தொகை கொடுத்தால், அதை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். கெடு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும்.