பாணி ஒரு வாக்குறுதி: இளம் கலைஞருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளம் கலைஞருக்கு,

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் படம் கேட்கத் தொடங்கும் எல்லோரும் சீக்கிரமே வந்து நிற்கும் இடத்துக்கு நீங்களும் வந்திருக்கிறீர்கள். என்ன படம் வேண்டும் என்பது மனத்தில் தெளிவாக இருக்கிறது. எந்தப் பாணியில் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். புகைப்படம், நீர்வண்ணம், எண்ணெய் ஓவியம், ஜப்பானிய அனிமே, தஞ்சாவூர் ஓவியம் என்று எதைச் சொன்னாலும் கருவி உடனே எடுத்து நீட்டுகிறது. எல்லாமே எளிதாகக் கிடைக்கும்போது கண்ணுக்குப் பளிச்சென்று படுவதை எடுத்துக்கொள்வது இயல்பு. அந்தப் பழக்கம் படிந்துவிடும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். பாணி என்பது பார்ப்பவருக்குப் படம் கொடுக்கும் வாக்குறுதி. தன்னை எப்படி நம்ப வேண்டும், எவ்வளவு நம்ப வேண்டும் என்று படம் முதலில் பேசுவது பாணியின் வழியாகத்தான். உள்ளே இருக்கும் பொருள் அதற்கு அப்புறமே கண்ணில் படுகிறது. ஆகவே, உங்களால் காப்பாற்ற முடிகிற வாக்குறுதியைத் தரும் பாணியை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

புகைப்படப் பாணியிலிருந்து தொடங்குவோம். பலரும் அதை ஒரு பாணியாகவே எண்ணுவதில்லை. அச்சு அசலாக இருப்பதால் அதுவே நடுநிலையானது என்று நம்புகிறார்கள். உண்மையில் மிகப் பெரிய வாக்குறுதியைத் தருவது அதுதான்: இது நடந்தது, அங்கே ஒரு கேமரா இருந்தது. 2021இல் கொலம்பியாவில் நடந்த போராட்டங்களின்போது காவல்துறை செய்த அத்துமீறல்களைப் பற்றிய பதிவுகளுக்கு, மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023இல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய, புகைப்படம் போன்ற படங்களைப் பயன்படுத்தியது. போராடியவர்களின் அடையாளம் வெளிப்பட்டு அவர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்பது அந்த அமைப்பு சொன்ன காரணம். நோக்கம் நல்லதுதான், படங்கள் செயற்கையானவை என்ற குறிப்பும் கூடவே இருந்தது. ஆனால் கொலம்பியக் கொடியின் நிறங்கள் வரிசை மாறியிருந்ததையும் காவலர் சீருடை பழையதாக இருந்ததையும் மக்கள் கண்டுபிடித்தார்கள். கண்டனம் எழுந்தது, படங்கள் நீக்கப்பட்டன. அத்துமீறல்கள் மெய்யாக நடந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். பொய்யான சாட்சியாக வந்து நின்ற பாணி, மெய்யான சாட்சியங்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கியது. அதே செய்தி கோட்டுச் சித்திரமாக வந்திருந்தால், பாதிக்கப்பட்டவர்கள் சொல்லக் கேட்டு வரைந்தது என்று யாருக்கும் புரிந்திருக்கும்.

நம் ஊரில் சோழர் கதைகளுக்குப் படம் கேட்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. புகைப்படப் பாணி ஓர் அங்குலத்தைக்கூட வெறுமையாக விடாது. கவசத்தின் ஆணி, துணியின் நெசவு, தூணின் வேலைப்பாடு என்று எல்லாமே நிரம்பியாக வேண்டும். உங்களுக்குத் தெரியாத இடத்தை எல்லாம் கருவி, தான் அதிகம் பார்த்துப் பழகியதைக் கொண்டு நிரப்பிவிடும். சோழ இளவரசன் வடநாட்டுக் கவசமும் தலைப்பாகையுமாக அடிக்கடி வந்து நிற்பது இதனால்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களையும், அக்காலச் செப்புத் திருமேனிகளையும் பாருங்கள். அங்கே தெரியும் உடல்களும் கொண்டைகளும் அணிகளும் முற்றிலும் வேறு. அவற்றைப் பார்த்த பிறகும் நமக்குத் தெரியாதவை ஏராளமாக மிஞ்சும். 1950இல் கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடர்கதை தொடங்கியபோது ஓவியர் மணியம் வரைந்த கோட்டுச் சித்திரங்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லி மற்றதைத் தாளின் வெண்மையில் விட்டன. தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்கும் உரிமை கோட்டுக்கு உண்டு. புகைப்படப் பாணிக்கு அது கிடையாது. ஆகவே பாணியைத் தேர்ந்தெடுக்கும் முன், இந்தப் பொருளைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டுக்கொள்வது கலைஞரின் கடமை.

புகைப்படம் உண்மைக்கு வாக்குக் கொடுக்கிறது என்றால், கையால் வரைந்த பாணிகள் உழைப்புக்கும் பரிவுக்கும் வாக்குக் கொடுக்கின்றன. ஜப்பானிய அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2013இல் இயக்கிய ‘த விண்ட் ரைசஸ்’ படத்தில் நான்கே விநாடி ஓடும் ஒரு கூட்டக் காட்சியை வரைய, ஏய்ஜி யாமாமோரி என்ற கலைஞருக்கு ஓர் ஆண்டும் மூன்று மாதங்களும் பிடித்தன. கூட்டம் வெறும் கூட்டமாக நகராமல், அதில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனி மனிதராக அசையும்படி வரைந்தால் அவ்வளவு காலம் பிடிக்கத்தான் செய்யும். மியாசாகியின் ஸ்டுடியோவான கிப்லியின் பாணி என்று நாம் சொல்வது அப்படிப்பட்ட பிடிவாதத்தின் விளைவு. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியில் படம் உருவாக்கும் புதிய வசதி வந்ததும், உலகம் முழுவதும் குடும்பப் படங்கள் அந்தப் பாணிக்கு மாறின. சில நாட்களுக்குள், கைதாகி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் படத்தை அதே சாயலில் மாற்றி அமெரிக்க வெள்ளை மாளிகை தன் சமூக ஊடகக் கணக்கில் வெளியிட்டது. முகம் தெரியாத வழிப்போக்கரையும் மதித்து வரைந்தவர்களின் பாணி, ஒரு மனிதரின் அழுகையை வேடிக்கைப் பொருளாக்கப் பயன்பட்டது. பாணி பொருளிலிருந்து பிரிந்துவிட்டால் இது நடக்கும்: மென்மை, கொடுமைக்குத் திரையாகும்.

மரபுப் பாணிகளிலும் இதே கவனம் வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் என்பது பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியையும் பசையையும் குழைத்துப் புடைப்பாக எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்யும் வழிபாட்டுப் பொருள். பூசை விளக்கின் வெளிச்சத்தில் ரேக்கு மினுங்கும். அந்த மினுக்கம் பலகையின் மேடுபள்ளத்தில் பிறக்கிறது. திரையில் ரேக்கும் இல்லை, மேடும் இல்லை. ‘தஞ்சாவூர் பாணி’ என்று கேட்டால் கருவி தருவது மஞ்சள் நிறத்தை மட்டும்தான். ஆனால் அந்த மரபிலிருந்து திரைக்கு வரக்கூடியவையும் இருக்கின்றன: நேர்முகமாக நிற்கும் பெரிய மைய உருவம், அதைச் சூழும் வளைவு, சுற்றிலும் சிறிய துணை உருவங்கள், ஆழம் காட்டாத தட்டையான பின்புலம். அவை பக்தியோடு ஒருவரையே நோக்கும் பார்வைக்காக அமைந்தவை. உங்கள் படத்துக்கு அந்தப் பார்வை தேவையென்றால் அந்த அமைப்பைக் கேளுங்கள். தேவையில்லை என்றால் மஞ்சளும் வேண்டாம்.

இங்கிருந்து நடைமுறைக்கு வருகிறேன்: பாணியைப் பெயரால் கேட்காதீர்கள், அந்தப் பாணி எந்தெந்த முடிவுகளால் ஆனதோ அவற்றைச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கருவிகள் கற்ற விதமே இதற்குக் காரணம். 2022இல் வெளியான லயான்-5பி என்ற தொகுப்பில், இணையத்தில் கிடந்த படமும் அதனோடு ஒட்டியிருந்த வாசகமுமாக 585 கோடி இணைகள் இருந்தன. 232 கோடி இணைகளின் வாசகம் ஆங்கிலம். படம் உருவாக்கும் கருவியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் அத்தொகுப்பின் பகுதிகளில்தான் பயிற்சி பெற்றது. அத்தகைய வாசகங்கள் ஒரு பெயரைச் சொல்லும். ஓவியர் ஏன் அப்படி வரைந்தார் என்பதைச் சொல்வது அரிது. எனவே பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரோடு சேர்ந்து கிடந்த மேற்பரப்புகளின் சராசரி வரும். போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022இல் பல்லாயிரம் முறை பிராம்ப்ட்டில், அதாவது கருவிக்குக் கொடுக்கும் கட்டளை வாசகத்தில், எழுதப்பட்டது. அவர் வரையாத படங்கள் அவர் பெயரைத் தாங்கி இணையத்தில் பெருகின. தன் பெயரைத் தேடினால் தன்னுடையதல்லாத படங்கள் வருவதை அவரே பார்க்க நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டேபிள் டிஃப்யூஷனின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஓவியர் பெயர்கள் முன்புபோல் வேலை செய்யவில்லை. பெயரை மட்டுமே நம்பியிருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெளிச்சம், கோடு, கோணம் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள்.

எல்லாக் கலைஞரும் முன்னோரைப் பார்த்து வரைந்துதானே கற்றார்கள், இதில் மட்டும் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஓவியர் கோபுலுவின் ஒரு சித்திரத்தைக் கையால் பார்த்து வரையும் மாணவர், கோடு எங்கே தடிக்கிறது, எங்கே நிற்கிறது, அவர் எதை வரையாமல் விட்டார் என்று ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தாக வேண்டும். அந்தத் தேடலில்தான் மாணவரின் சொந்தக் கை உருவாகிறது. பெயரைத் தட்டச்சு செய்பவருக்கு முடிவு மட்டும் கிடைக்கிறது, தேடல் கிடைப்பதில்லை. ஆகவே தாராளமாகப் பாருங்கள், வரைந்து பாருங்கள், கண்டதைச் சொல்லாக்கிக் கருவியிடம் கேளுங்கள். அது கற்றலின் தொடர்ச்சிதான்.

பாணிக்குப் பதிப்புரிமை இல்லையே என்பது இன்னொரு வாதம். சட்டம் பொதுவாகத் தனிப்பட்ட படைப்பைக் காக்கிறது, பாணியை அல்ல, அது சரி. ஆனால் அதே சட்டத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். வெறும் பிராம்ப்ட் எழுதுவது மட்டுமே ஒருவரைப் படைப்பாளி ஆக்கப் போதாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. உங்கள் தேர்வும் திருத்தமும் படத்தில் தெரிந்தால்தான் அது உங்களுடையது என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. தவிர, சட்டம் தடுக்காத எல்லாமே ஒரு கலைஞருக்குத் தகுந்ததாகிவிடாது. உயிரோடிருக்கும் ஓவியரின் பெயரைக் கொண்டு, அவருக்கு வரவேண்டிய வேலையை அவருக்குத் தெரியாமலே செய்து முடிப்பது தொழில் அறத்துக்கு ஒவ்வாதது.

வாடிக்கையாளர் கிப்லிதான் வேண்டும் என்கிறார், அதுவும் நாளைக்கே என்கிறார், என்ன செய்வது? அவர் கேட்பது பெரும்பாலும் அந்தப் பெயரை அல்ல, அது தரும் உணர்வை. எந்த உணர்வு என்று கேளுங்கள். மழைக்குப் பிந்திய பசுமை, தாழ்வான கேமரா கோணம், பெரிய வானத்தின் கீழ் சிறிய மனிதர்கள் என்று அதைப் பிரித்துச் சொல்ல முடியும். அச்சில் ஒரு சிறுகதைக்குப் படம் என்றால், கறுப்பு மை, தடிமன் மாறாத கோடு, நிழலுக்குக் குறுக்குக் கோடுகள், வெற்றுத்தாள் பின்னணி என்று கேட்கலாம். முதலில் வருவது சொன்னபடி இருக்காது. எதை ஏன் தள்ளினீர்கள் என்று குறித்துவைத்து மறுபடி கேளுங்கள். தேவைப்பட்டால் மேலே நீங்களே வரையுங்கள். தொடக்கத்தில் இது நேரம் தின்னும். சில மாதங்களில் அந்தக் குறிப்புகளே உங்கள் பாணியாகத் திரளும். கருவி மாறினாலும் அது உங்களோடு வரும்.

கடைசியாக ஒரு விதி. எந்தப் படத்தையும் வெளியிடும் முன், ஏன் இந்தப் பாணி என்பதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் படத்தின் பொருளும், அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததன் அளவும், பார்ப்பவர் எதை நம்பப்போகிறார் என்பதும் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறது, இப்போது எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள் என்பவற்றைத் தவிர வேறு காரணம் எழுத வரவில்லை என்றால், அந்தப் படம் எவ்வளவு பளபளத்தாலும் நிறுத்திவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் முயற்சிகளில் அக்கறையுள்ள ஒருவர்