புகையைக் கழுவ முடியுமா?

நெருப்பில்லாமல் புகையாது என்பர். ஆலைகளிலும் அனல்மின் நிலையங்களிலும் நீரை ஆவியாக்கும் கொதிகலன்கள் இரவு பகலாக எரிகின்றன. புகையும் ஓயாது எழுகிறது. புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டிவிட்டால் போதாதா என்று நாம் எண்ணலாம். பிரிட்டனும் ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டியது. அருகிலிருந்த ஊர்கள் ஓரளவு தப்பின. ஆனால் புகையிலிருந்த கந்தகம் காற்றோடு கடல் கடந்து, மற்ற நாடுகளின் புகையோடும் சேர்ந்து, நார்வே நாட்டில் அமில மழையாகப் பெய்தது. அங்கே ஏரிகளில் மீன்கள் மடிந்தன. ஆகவே புகையை வெளியே விடுமுன் தூய்மை செய்வதே நல்ல வழி.

முதலில் சாம்பல் தூசியைப் பார்ப்போம். புகையைச் சுழற்காற்றுப் போலச் சுழல விட்டால், பருமனான துகள்கள் சுவரில் மோதிக் கீழே விழும். நுண்ணியவை தப்பிவிடும். அவற்றைப் பிடிக்கத் துணிப் பைகளின் வழியே புகையை வடிகட்டலாம்; அல்லது மின்சாரத்தின் துணையை நாடலாம். எண்ணெய் தேய்க்காத தலையை வாரிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதை நாம் விளையாட்டாகச் செய்து பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே தத்துவந்தான் இங்கும். பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுள்ள கம்பிகளுக்கிடையே புகை செல்லும்போது துகள்கள் மின்னேற்றம் பெற்று, எதிரேயுள்ள உலோகத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். தகடுகளைத் தட்டினால் சாம்பல் உதிர்ந்துவிடும். இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் பிரடெரிக் காட்ரெல். 1908-இல் காப்புரிமை பெற்ற அவர், அதன் வருவாயைத் தாம் வைத்துக்கொள்ளாமல், 1912-இல் ஓர் அறக்கட்டளை வழியாக அறிவியல் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டார்!

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தூசியைப் பிடித்தால் போதுமா? கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 100 டன் நிலக்கரியை எரித்து, 28 டன் சாம்பல் புகையோடு பறக்கிறது என்று கொள்வோம். எஞ்சிய ஒரு பங்கு மட்டும் 280 கிலோ! அதுவும் நுரையீரலின் ஆழம்வரை செல்லும் மிக நுண்ணிய தூளே அதில் மிகுதி.

கந்தக டை ஆக்சைடு வாயுவோ துணிப்பைக்கும் அகப்படாது, மின்தகட்டுக்கும் அகப்படாது. அதைக் கழுவித்தான் ஆகவேண்டும். லண்டனில் பேட்டர்சீ மின்நிலையம் எழுந்தபோது, அரண்மனையும் ஓவியக்கூடமும் அருகில் இருந்ததால் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. எனவே 1930-களிலேயே அங்கு தேம்ஸ் நதி நீருடன் சுண்ணப் பொருளும் சேர்த்துப் புகையைக் கழுவினார்கள். கந்தகத்தின் பெரும்பகுதி நீங்கியது. ஆனால் கழுவிய நீர் எங்கே போயிற்று? மீண்டும் தேம்ஸ் நதிக்கே! மேலும் குளித்த புகை குளிர்ந்துவிட்டதால் மேலே எழும் வலுவிழந்து, சில நாட்களில் அக்கம்பக்கத்திலேயே தாழ்ந்து இறங்கியது. காற்றின் அழுக்கை ஆற்றுக்கு மாற்றியதைத் தூய்மை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இக்காலத்தில் சுண்ணாம்புக்கல் தூளை நீரில் கரைத்த குழம்பைப் புகையின்மேல் தெளிக்கிறார்கள். கந்தக வாயு சுண்ணாம்புடன் கூடி, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் ஏற்று ஜிப்சமாகிறது. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் செய்ய உதவும் அதே ஜிப்சம்! அதைக் கட்டடப் பலகைகள் செய்யவும் சிமெண்டில் கலக்கவும் பயன்படுத்துகிறார்கள். பிடித்த சாம்பலும் செங்கல்லாகிறது. வாங்குவோர் இல்லாவிட்டால் மட்டும் அவை மலைபோல் குவிந்துவிடும்.

நமது நாட்டில் அனல்மின் நிலையங்களின் கந்தக வாயுவுக்கு 2015-இல் வரம்பு விதிக்கப்பட்டது. கழுவும் கருவி அமைக்கும் கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்கோ செலவு மிகுதி என்றார்கள். கந்தகம் குறைவு என்பது மெய்தான். ஆனால் நாம் எரிக்கும் நிலக்கரி கொஞ்சநஞ்சமல்லவே.